மூங்கில் விமானதளத்தின் வருகைப் பதிவேடு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அதற்கென்று தனியாக எல்லாம் வந்துவிட்டது. தனி ஆட்சியர், தனி அலுவலகங்கள், தனிப் போக்குவரத்து நெரிசல். போர்வீரர் மட்டும் வரவில்லை. பாகம் பிரிக்கும்போது பித்தளை அண்டாவைப் பெரிய மகன் எடுத்துக்கொள்வது போல, வான்படையில் பதக்கம் வாங்கிய ஆட்களையெல்லாம் பழைய மாவட்டம் வைத்துக்கொண்டது. இந்தக் குறையைக் கண்டுபிடித்தது வான்போர் மாண்பு சரிபார்ப்பு வாரியம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் மாவட்டத்துக்கு ஒரு வீரர் என்பது அதன் இலக்கு. மற்ற மாவட்டங்களில் ஆள் அகப்பட்டாயிற்று. ஒரு மாவட்டத்தில் இரண்டு பேர் அகப்பட்டு, ஒருவரை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்திருந்தார்கள். அவருக்குத் தொண்ணூற்றாறு வயது. வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் பொறுத்துக்கொண்டு உயிரோடு இருந்தார்.

அப்படித் தேடிக்கொண்டிருந்த வாரியத்தின் கண்ணில் நைனார்பாளையம் சின்னராசுவின் மனு பட்டது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அது ஒரு மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசையை மாற்றினார்கள்.

சின்னராசுவுக்கு எழுபத்தைந்து வயது. ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறார். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் வான்படையில் இருந்தவர் என்று தெரிந்தால் யாரும் கேட்பது, "ப்ளேன் ஓட்டுனீங்களா?" என்பதுதான். "இல்ல, கட்டுனேன்" என்பார். கேட்டவர் ஏதோ பெரிய பொறியாளர் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

கட்டியது உண்மை. மேற்கெல்லையில், நிஜமான விமானதளத்துக்குப் பன்னிரண்டு மைல் தள்ளி, பொட்டல் மணலில் இன்னொரு தளம் போட்டிருந்தார்கள். எதிரி மேலிருந்து பார்த்து ஏமாந்து குண்டையெல்லாம் அங்கே கொட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. மூங்கில்தான் எலும்பு, கித்தான்தான் தோல், மேலே வெள்ளிப் பூச்சு. அப்படிப் பதினான்கு விமானங்கள். கூடைக்கு மேலே நாலு நல்ல தக்காளியை அடுக்கி வாடிக்கையாளர் மூக்குக்கு நேரே நீட்டுகிற அதே வியாபாரம்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கூடையில் அடித்தக்காளியே கிடையாது.

அங்கே இருந்தவர்கள் ஒரு அதிகாரி போகப் பதினொரு பேர். அதில் ஒருவன் வேடியப்பன். கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரன், இருபத்திரண்டு வயது. ஆளெடுக்கும்போது என்ன தெரியும் என்று கேட்டதற்கு, மூங்கில் பிளக்கத் தெரியும் என்றிருக்கிறான். படையில் ஒருவனுக்குத் தெரிந்த வேலையையே அவனுக்குக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். சின்னராசுவுக்கு இரண்டு வேலை. பகலில் வெள்ளி வண்ணம் அடிப்பது, காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டில் குறிப்பது. ஆள் இருந்தால் 'பி'. இல்லாவிட்டால் 'ஏ'.

போரின் பத்தாம் நாள் பெருங்காற்று. ஒன்பதாவது விமானத்தின் வாலில் துணி கிழிந்து, உள்ளே இருந்த மூங்கில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வேடியப்பன் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வால்மேல் ஏறிப் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டி முடித்தபோது எதிரி வந்துவிட்டான். எதிரி நன்றாகவே ஏமாந்தான். பதினான்கில் பதினொன்று போயிற்று. அன்று சாயங்காலம் எதிரி வானொலி பதினான்கையும் அழித்துவிட்டோம் என்று அறிவித்தது. மூன்றைக் கூட்டிச் சொன்ன பெருந்தன்மைக்காகத் தள அதிகாரி ஆளுக்கொரு கரண்டி ரவை அல்வா கொடுத்தார்.

மணலில் விறகு ஏது. வேடியப்பனை உடைந்த விமானங்களைப் போட்டுத்தான் எரித்தார்கள். இரண்டு இறக்கையும் ஒரு மூக்கும் ஆயிற்று.

மறுநாள் காலை சின்னராசுவின் பேனா அவன் பேருக்கு நேரே வந்து நின்றது. செத்தான் என்று எழுதினால் தந்தி போகும். தந்தி போனால் எந்த இடத்தில் என்று கேட்பார்கள். காகிதத்தில் அப்படியொரு இடமே கிடையாது. "இப்போதைக்கு 'ஏ' போடு. சண்டை முடிந்ததும் திருத்திக்கொள்வோம்" என்றார் அதிகாரி. சின்னராசு போட்டார். நாலு நாளில் சண்டை முடிந்தது. அதற்கடுத்த வாரம் அதிகாரி ஜீப் கவிழ்ந்து போய்ச்சேர்ந்தார். இடையில் ஒருநாள் மாற்றி எழுதினால் முதல்நாள் எழுதியதற்கு விளக்கம் கேட்பார்களே என்ற பயத்தில், சின்னராசு 'ஏ' போட்டுக்கொண்டே போனார். முப்பது நாள் தொடர்ந்து 'ஏ' விழுந்தால் ஓடிப்போனவன் என்று அர்த்தம். யாரும் கூட்டம் போட்டு விசாரித்து முடிவெடுக்கவில்லை. காலண்டர் முடிவெடுத்தது.

வேடியப்பனின் பெண்டாட்டி ரங்கம்மாளுக்கு அப்போது பதினேழு வயது. கல்யாணமாகி எட்டு மாசம். ஓடிப்போனவனைத் தேடி மூன்று தடவை போலீஸ் மலையேறி வந்து, சாமைப் பானைக்குள்ளெல்லாம் கையைவிட்டுப் பார்த்தது. ஆள் வடக்கே ஒருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறான் என்று மலையில் பேச்சு கிளம்பியது. வருஷம் ஒருதரம் செத்தவர்களுக்குப் படைக்கும்போது ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேடியப்பன் பேரைப் பங்காளிகள் சொல்லமாட்டோம் என்றார்கள். உயிரோடு இருக்கிறவனைப் படையலுக்குக் கூப்பிட்டால் வீட்டுக்கு ஆகாதாம். அரசாங்கக் காகிதத்தோடு வந்துதானே தேடினார்கள், செத்தான் என்று அரசாங்கக் காகிதமே வரட்டும், அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். ரங்கம்மாள் தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கவும் முடியாமல், கடுக்காய் பொறுக்கியும் கூடை முடைந்தும் எழுபதைத் தாண்டிவிட்டாள்.

படையைவிட்டு வந்ததும் சின்னராசு மலைக்குப் போய் அவளிடம் நடந்ததைச் சொன்னார். விமானத்தைச் சொன்னார், தார்ப்பாயைச் சொன்னார், அல்வா வரைக்கும் சொன்னார். பேனாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த வருஷமே மனு எழுத ஆரம்பித்தார். ஓடிப்போனவன் என்ற வார்த்தையை எடுத்துவிட்டுச் செத்தவன் என்று போடவேண்டும், அவ்வளவுதான் மனு. மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராகக் காலமானார்கள். சாட்சி என்று மிஞ்சியது சின்னராசு ஒருவர்தான்.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தபோது அவர் மனைவி பாப்பாத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்யாண மண்டபத்துக்குக் கூப்புட்டுக்கினு இருக்கானுங்க. சோறாவது போடுவானுங்களா, கேட்டுக்கினு போங்க. அம்பது வருசத்துல உங்களுக்குன்னு ஒண்ணும் கேக்கல, இதையாவது கேளுங்க" என்றாள்.

முகாம் நடந்தது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். முந்தின நாள் மாப்பிள்ளை பெண் பேர் எழுதிய பலகையை இன்னும் எடுக்கவில்லை. சின்னராசு ரங்கம்மாளையும் வரச்சொல்லியிருந்தார். மணமேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் செந்தமிழ்ச்செல்வி நல்ல மாதிரி. இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு பட்டியலைப் புரட்டினார்.

"ஐயா, நீங்க சொல்ற தளம் எங்க லிஸ்ட்லயே இல்லீங்களே."

"இருக்காதும்மா. அது போலித் தளம்."

தளம் போலி என்று மனுதாரரே ஒப்புக்கொண்டார் என அவர் எழுதிக்கொண்டார். அங்கே குண்டு விழுந்தது என்றார் சின்னராசு. யார் போட்டது என்று கேட்டார் அவர். எதிரி என்றார் இவர்.

"எதிரி சொல்றத நாம ஏத்துக்க முடியாதுங்க ஐயா. அவங்க பதினாலு ப்ளேன் போச்சுன்னாங்க. நம்ம ரெக்கார்டுல ஒண்ணுகூடப் போகல. போகாத ப்ளேனுக்கு அடியில ஒருத்தர் எப்படி ஐயா சாவாரு?"

"அடியில இல்லம்மா" என்றாள் ரங்கம்மாள். "மேல ஏறிக் கட்டிக்கினு இருந்தாரு."

செந்தமிழ்ச்செல்விக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு வழி தேடிக் கொடுத்தார். இப்படியொரு விமானத்தை மூங்கிலில் செய்ய முடியும் என்று மனுதாரர் சொந்தச் செலவில் செய்துகாட்டினால், தளம் இருந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருந்தது. தளம் இருந்தால் ஆள் இருந்திருப்பான். ஆள் இருந்தால் செத்திருக்கவும் கூடும். வாரியம் முழு அளவு விமானம் என்றது. சின்னராசு ஒரு இறக்கை என்றார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் மாதிரி ரொம்ப நேரம் முகம் மாறாமல் பேசி, கடைசியில் பாதி அளவு முழு விமானம் என்று படிந்தது.

கரியாலூரில் ரங்கம்மாள் வீட்டுக்குப் பின்னால் பத்தொன்பது நாள் வேலை நடந்தது. அவள் நட்ட மூங்கில்தான். சின்னராசுவுக்குக் கை நடுங்கியது, அவளுக்கு நடுங்கவில்லை. கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மூங்கில் அடிவரை நேர்கோடாகப் பிளந்தது. மலையில் அருவி பார்க்க வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கல்யாணப் போட்டோ எடுக்க ஒருநாள் வாடகை என்ன ஆகும் என்று கேட்டார்.

வால் கட்டுகிற அன்று அவள், "எந்தெடத்துலணா கட்டிக்கினு இருந்தாரு?" என்று கேட்டாள். சின்னராசு விரலால் தொட்டுக் காட்டினார். அந்த முடிச்சை அவளே போட்டாள். இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்தாள். அந்த நேரம் சொல்லிவிடலாம் என்று அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். வாயைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டார்.

மினி லாரியில் ஏற்றி, வளைவுக்கு வளைவு இறக்கையை ஒடித்துக்கொள்ளாமல் இறக்கி, விமானத்தை மண்டபத்து வாசலில் நிறுத்தினார்கள். மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு சோதித்தது. முதலாமவர் தட்டிப் பார்த்து, என்ஜின் இல்லை என்று எழுதினார். அன்றைக்கும் இல்லை என்றார் சின்னராசு. அப்படியானால் இது நீண்டகாலக் குறைபாடு என்று அவர் திருத்தி எழுதினார். இரண்டாமவர் டயரில் காற்று கம்மி என்றார். டயர் மண்ணால் செய்து கரி பூசியது. மூன்றாமவர் கடைசியாக எப்போது தரையிறங்கியது என்று கேட்டார். காலை பத்தேகாலுக்கு, லாரியிலிருந்து, என்றார் சின்னராசு. அதையும் எழுதிக்கொண்டார்கள். பறக்கத் தகுதியற்றது, எனினும் விமானமே என்று அறிக்கை முடிந்தது.

அந்தச் சமயம் வாரியத் தலைவர் தீனதயாளன் காரில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற உயரதிகாரி. போர் நடந்த காலம் முழுவதும் தலைமையிடத்தில் சீருடைப் பொத்தான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். வாசலில் நின்ற விமானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்று, குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். எதிரிக்கு அடுத்தபடியாக அதைப் பார்த்து ஏமாந்தவர் அவர்தான்.

"தப்பிப் பிழைத்த கடைசி விமானம்" என்றார் குரல் கம்ம.

"போன மாசம் கட்டுனதுங்க" என்றார் சின்னராசு.

"பார்த்தீர்களா, வீரனுக்கு எப்போதும் அடக்கம்" என்று தலைவர் மற்றவர்களிடம் சொன்னார்.

விமானம் இருந்துவிட்டதால் தளமும் இருந்தாகவேண்டும் என்று ஆயிற்று. தளத்தின் காகிதங்களைத் தேட உத்தரவு போனது. இரண்டே வாரத்தில் ஒன்று அகப்பட்டது. செந்தமிழ்ச்செல்வி அதைச் சிவப்புத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். யாரும் தொடாததால் ஒரு பக்கம்கூட மடங்கவில்லை. பத்து 'பி', ஒரு 'ஏ'. அடுத்த நாளும் பத்து 'பி', ஒரு 'ஏ'. சின்னராசுவின் கையெழுத்து.

ரங்கம்மாள் வெளியே விமானத்துக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். சின்னராசு குரலைத் தணித்துக்கொண்டார்.

"அம்மா, அந்த 'ஏ' நான் போட்டது. பொய்யா போட்டேன். அவன் செத்து நாங்க எரிச்ச மறுநாளு."

செந்தமிழ்ச்செல்வி பதிவேட்டை மூடினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு எழுத்து பொய் என்றால் புத்தகம் முழுவதும் பொய்யாகிவிடும் என்று விளக்கினார். அப்போது மற்ற பத்து பேரும் அங்கே இருந்ததற்கு ஆதாரம் போய்விடும். அந்தப் பத்து பேரில் சின்னராசுவும் ஒருவர். அங்கேயே இல்லாத ஒருவர், அங்கே செத்தவனுக்கு எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?

"தளமே போலின்னு நீங்கதானேம்மா எழுதுனீங்க?"

"தளம் போலிதாங்க ஐயா. பதிவேடு அசல்."

"அப்ப எம்மேல கேஸ் போடுங்க. பொய் எழுதுனான்னு போடுங்க. ஜெயில்ல வைங்க. தீர்ப்புல நான் எழுதுனது பொய்னு ஒரு வரி வரும்ல, அது போதும்."

"உங்க மேல கேஸ் போட முடியாதுங்க ஐயா" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "இந்த வருச வீரரு நீங்கதான். காலையிலதான் சார் கையெழுத்து போட்டாரு."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, அதே மண்டபத்து வாசலில் பந்தல் போட்டு விழா. வாரியத்தில் நாள் பார்ப்பதற்கு அதைவிட வேறு நாள் மிச்சமில்லை. விமானத்தை மேடைக்கு எதிரே சிமென்ட் பீடத்தில் ஏற்றி, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அது இப்போது அரசாங்கச் சொத்து. காலையில் காற்றுக்கு வால் துணி பிய்த்துக்கொண்டு படபடத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரங்கம்மாள் யோசிக்காமல் எழுந்துபோய்க் கயிற்றைத் தாண்டி முடிச்சில் கையை வைத்தாள். காவலர் வந்து, விமானத்துக்குப் பக்கத்தில் பொதுமக்கள் போகக்கூடாது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். வால் விழா முடியும் வரை படபடத்துக்கொண்டே இருந்தது.

சின்னராசு மேடையில் இருந்தார். வரமாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தார். மேடையில் ஒலிபெருக்கி இருக்கும், அதில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பிறகு ஒரு நப்பாசை வந்தது. ஏற்புரைக்கு அவருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். தலைவர் பேச எழுந்தார்.

"போரில் உயிரைக் கொடுப்பவர்கள் உண்டு" என்று ஆரம்பித்தார் தீனதயாளன். "நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உயிரை ஒருதரம்தான் கொடுக்க முடியும். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவர்களால் என்ன பயன்? பதிவேடு எழுதுகிறவனோ தினமும் எழுதவேண்டும். நானும் பொத்தான் எண்ணியவன், எனக்குத் தெரியும். எதிரி குண்டு வீசிய மறுநாள், மன்னிக்கவும், வீசவில்லை என்பதே நம் நிலைப்பாடு. வீசாத அந்தக் குண்டுக்கு மறுநாள்கூட இவர் கை நடுங்கவில்லை. எழுத்தைப் பாருங்கள்."

பின்னால் இருந்த பெரிய திரையில் பதிவேட்டின் பக்கம் வந்தது. தலைவர் ஒரு கோலை எடுத்து ஒவ்வொரு பேராகத் தொட்டு வாசித்தார்.

"பத்து பேர் வருகை. பதினோராவது, கரியாலூர் வேடியப்பன். வரவில்லை. இந்த வேடியப்பன் சின்னராசுவின் உயிர் நண்பன் என்று அறிகிறேன். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வேறொருவராக இருந்தால் நண்பனாயிற்றே என்று மறைத்திருப்பார். இவர் மறைக்கவில்லை. தன் கையாலேயே, முப்பது நாள், ஒருநாள் விடாமல், வரவில்லை, வரவில்லை என்று எழுதினார். இந்த நேர்மை இல்லாமல் இருந்திருந்தால் இன்று நமக்கு ஒரு ஓடிப்போனவன் குறைந்திருப்பான். வாரியம் யாரையும் இழப்பதில்லை. எங்கள் புத்தகத்தில் செத்தவர்கள் செத்திருக்கிறார்கள், ஓடியவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். சின்னராசு முன்வரிசையைப் பார்க்கவில்லை. ஒருதரம் பார்த்தார். ரங்கம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தலைவரின் கோல் எந்த எழுத்தைத் தொட்டதோ அங்கேயே அவள் கண் நின்றது.

தலைவர் நேரம் எடுத்துக்கொண்டுவிட்டதால் ஏற்புரை ரத்து. பதக்கத்தைச் சட்டையில் குத்தினார்கள், மேலே சால்வையைப் போர்த்தினார்கள். சின்னராசு ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்து, "ஐயா, அது பொய்யிங்க, அவன் செத்துட்டான்" என்றார். அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. மண்டபத்தோடு பேசிய ஒப்பந்தத்தில் சேர்ந்தது அது, நிறுத்த முடியாது.

கடைசியாக வாரியத்தின் கருணை என்று ஒன்றை அறிவித்தார்கள். ரங்கம்மாளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். வேடியப்பனின் வயதைக் கருதி அவரை மன்னிக்க வாரியம் சம்மதித்திருந்தது. முப்பது நாளுக்குள் இரண்டு புகைப்படத்துடன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

பேருந்து நிலையத்தில் மலைக்குப் போகிற வண்டி இன்னும் என்ஜின் போடாமல் நின்றது. ரங்கம்மாள் உத்தரவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்னராசு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"நீங்கதான் எழுதுனதா?"

"நான்தான்."

"முப்பது நாளுமா?"

"முப்பது நாளும்."

அதிகாரி சொன்னதை, தந்தியை, ஜீப் கவிழ்ந்ததை எல்லாம் அவர் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு மேல் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது. வெளியே வந்தபோது இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

"மாசத்துக்கு ஒருதரம் மலைக்கு வந்துக்கினு இருந்தீங்களேணா. சோறு போட்டேன்."

"ஆமா."

"ஒரு நாளு சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா நீ சோறு போட்டிருக்கமாட்ட, தங்கச்சி."

"போட்டிருப்பேன்" என்றாள். "உப்புதான் போட்டிருக்கமாட்டேன்."

டிரைவர் ஏறி என்ஜினைப் போட்டார். சின்னராசு அவசரப்பட்டார். அவரும் இதே வண்டியில் வருவதாகச் சொன்னார். பங்காளிகளை எல்லாம் கூட்டட்டும், அவர்கள் காலில் விழுந்து, எழுதியது நான், எழுதியது பொய், அவன் செத்ததைப் பார்த்தவன் நான் என்று சொல்வதாகச் சொன்னார். காகிதம் எதற்கு, எழுதினவனே வந்து சொன்னால் போதாதா என்றார்.

ரங்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்து வந்திருந்தீங்கன்னா நம்பியிருப்பாங்கணா. இன்னிக்கு அரசாங்கமே மெடலு குத்தி, இந்த ஆளு எழுதுனது அத்தினியும் நெசம்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டாங்க. டிவியில வேற வருதாம். இனிமே நீங்களே வந்து பொய்னு சொன்னா, எவன் நம்புவான்?"

எழுந்து போய் வண்டியில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து உத்தரவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செத்தான் என்று காகிதம் கேட்டிருந்தார்கள். உயிரோடிருக்கிறான் என்று முத்திரையோடு ஒன்று கிடைத்திருக்கிறது. வண்டி திரும்பிக் கச்சிராயபாளையம் ரோட்டில் போயிற்று.

மணி இரண்டு. நிழற்கூரைத் தகரம் கொதித்தது. சின்னராசுவுக்கு வேர்த்துக் கொட்டியது. சால்வையை எடுத்துவிடலாம் என்று முனையில் கையை வைத்தார். எடுத்தால் பதக்கம் வெளியே தெரியும். பின்னால் கொக்கி போட்டுக் குத்தியிருந்தார்கள், ஒருவராகக் கழற்ற முடியாது. நைனார்பாளையம் வண்டி வரும் வரை போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.